பெட்டி செய்பவரும் ரயில் ஓட்டுபவரும்

நம் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி இருக்கிறது. அது 2008இல் தொடங்கியது. நம் மண்டலத்திலும் சத்தியவேடு மண்டலத்திலும் பரவி இருக்கிறது. அங்கே சாக்லேட் செய்கிறார்கள். ஏ.சி. செய்கிறார்கள். சென்னையில் ஓடும் மெட்ரோ ரயிலுக்குப் பெட்டிகளும் செய்கிறார்கள்.

பெட்டி செய்வது உற்பத்தித் தொழில். தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் அதில் உண்டாகிறது. அந்த ரயிலை ஓட்டுவது? டிக்கெட் கொடுப்பது? நிலையத்தைப் பெருக்குவது? இவற்றில் புதுப் பொருள் உண்டாவதில்லை. ஆனால் இந்த வேலைகள் இல்லாவிட்டால் பெட்டி சும்மா நிற்கும். இவை சேவைத் தொழில். பள்ளி, ஆஸ்பத்திரி, வங்கி, பஸ், கடை, கம்ப்யூட்டர் கம்பெனி எல்லாம் சேவையில் அடங்கும்.

"ஓட்டலில் இட்லி உண்டாகிறதே, அது பொருள் இல்லையா?" என்று வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. ஆனாலும் அரசாங்கக் கணக்கில் ஓட்டல் சேவையில்தான் சேரும்.

பொருள் செய்யும் வேலை குறைந்து, சேவை வேலை பெருகினால் என்ன ஆகும்? சென்னையைப் பார்ப்போம்.

பெரம்பூரில் பின்னி மில் இருந்தது. பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்று முதலில் இரண்டு மில்கள். 1920இல் அவை ஒன்றாயின. அங்கே நெய்த காக்கித் துணி பெயர் பெற்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மில்லை நம்பி வாழ்ந்தன. சங்கு ஊதினால் தெருவே கிளம்பும். தறி ஓட்டப் பட்டம் தேவை இல்லை. பக்கத்தில் நின்று பழகினால் போதும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் இந்த மில் தொழிலாளர்களால்தான். ஒரே கூரையின் கீழ் வேலை செய்ததால் ஒன்று சேர முடிந்தது.

1996இல் மில் மூடப்பட்டது. மில்லோடு போனது சம்பளம் மட்டுமா? வாசலில் டீ விற்றவர், கடனுக்கு அரிசி கொடுத்தவர், வாடகைக்கு வீடு விட்டவர், எல்லோர் கையும் காய்ந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2000இல், அதே சென்னையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கான பெரிய கட்டடம் அது. அதன் பிறகு அந்தச் சாலை முழுக்க அப்படிப்பட்ட கம்பெனிகள் வந்தன. நல்ல சம்பளம். பெண்களுக்கும் நிறைய வேலை. ஊருக்கு வருமானம் கூடியது, உண்மைதான்.

ஆனால் தறி ஓட்டிய 45 வயதுக்காரர் அங்கே போய் என்ன செய்வார்? உள்ளே உட்காரப் பட்டம் கேட்டார்கள். வாசலில் காவலுக்கு நிற்கப் பட்டம் கேட்கவில்லை. உள்ளே இருப்பதும் சேவை வேலை. வாசலில் நிற்பதும் சேவை வேலை. பெயர் ஒன்று, சம்பளம் வேறு.

இனி நாட்டுக் கணக்கு. 2023-24இல் இந்தியாவில் வேலை செய்பவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சேர்ந்து உண்டாக்கும் மதிப்பு 100 ரூபாய். இதில் சேவையில் இருப்பவர்கள் சுமார் 30 பேர். அவர்கள் பங்கு சுமார் 55 ரூபாய். விவசாயத்தில் இருப்பவர்கள் 46 பேர். அவர்கள் பங்கு சுமார் 18 ரூபாய்தான். ஒரு தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். விவசாயத்தில் 40 காசு கூட வராது.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் மக்கள் முதலில் வயலை விட்டு ஆலைக்குப் போனார்கள். வெகுகாலம் கழித்துத்தான் ஆலையை விட்டுச் சேவைக்குப் போனார்கள். நம் நாட்டில் நடுப்படி சிறியதாகவே இருந்துவிட்டது. வயலிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குத் தாவ எல்லோராலும் முடியுமா? அதனால்தான் அதிகம் படிக்காதவர்களுக்கும் வேலை தரும் ஆலைகளை இன்னும் தேடுகிறோம்.

நம் பக்கம் ஆலை இப்போதுதான் வந்திருக்கிறது. ஆனால் ஆலைக்குள்ளும் சேவை இருக்கிறது. முன்பு ஒரு மில்லில் சமையல்காரரும் காவல்காரரும் மில் ஆட்களாகவே இருப்பார்கள். இப்போது பல இடங்களில் அந்த வேலைகளைக் காண்ட்ராக்டரிடம் விடுகிறார்கள். அதே சாம்பார், அதே வாசல். ஆனால் அவர்கள் சேவைத் தொழில் கணக்கில் போகிறார்கள். கணக்கில் தெரியும் மாற்றத்தில் கொஞ்சம் இப்படி வந்ததும் உண்டு.

இட்லியைப் பற்றிக் கேட்ட அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்க்கிறார். மகன் பத்தாவது முடித்துவிட்டான். காண்ட்ராக்டர் அவனுக்கு இப்போதே வேலை தருகிறாராம். அவனுக்கோ ஐ.டி.ஐ. படிக்க ஆசை. இரண்டு வருடம் ஆகும். அதுவரை அவன் சம்பளம் வீட்டுக்கு வராது.

கலந்து பேசுங்கள்:

அந்த அக்கா வீட்டில் என்ன செய்யலாம்? இரண்டு வருடச் செலவை எப்படிச் சமாளிப்பது?

உங்கள் தெருவில் பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயத்தில் எத்தனை பேர்? பொருள் செய்யும் வேலையில் எத்தனை பேர்? சேவையில் எத்தனை பேர்? நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.