பலகை ஏன் முறமாச்சு?



போன வருஷம் அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஆறு பேர் காசு போட்டு 3 மி.மீ. பிளைவுட் ஒன்று வாங்கினோம். தமிழ்நாட்டு ஆறுகளை வரைந்து, தண்ணீரில் கரைத்த சாயத்தை முன்பக்கம் மட்டும் பூசினோம். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் படுக்க வைத்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால் பலகை முறம் மாதிரி குழிந்து கிடந்தது! கண்காட்சிக்கு இரண்டே நாள். யார் மேல் தப்பு என்று எங்களுக்குள் சண்டை வேறு.

எங்கள் தெரு ஆசாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முகத்துக்கு மட்டும் தண்ணி காட்டினா எப்படிப்பா? முதுகுக்கும் காட்டணும்ல!" என்றார். அந்த ஒரு வரியில்தான் முழுப் பாடமும் இருக்கிறது.

காரணம் என்ன?

மரம் என்பது நுண்ணிய குழாய்களை நெருக்கி அடுக்கியது போன்றது. குழாயின் சுவர் தண்ணீரை உறிஞ்சினால் தடிக்கும். நீளம் அவ்வளவாகக் கூடாது. பச்சை மரம் முழுதும் காயும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்கும். குறுக்குவாக்கில் பல மரங்கள் 5 சதவீதத்துக்கு மேலும் சுருங்கும்.

ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அது விரிந்து மேடாகும். வெயிலில் அதே பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி இழுக்கும், குழி விழும். தடித்த பலகை ஓரளவு தாங்கும். மெல்லிய பலகை தாங்காது. பிளைவுட்டில் தகடுகளை 3, 5 என்று ஒற்றைப்படையில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவது இந்த வளைவைக் குறைக்கத்தான். ஒரு பக்கம் மட்டும் நனைத்து அந்தச் சமநிலையை நாங்களே கெடுத்துவிட்டோம்.

செய்து பாருங்கள்!

டிரேசிங் பேப்பர் துண்டு ஒன்றைக் கிண்ணத்துத் தண்ணீர் மேல் மெதுவாக வையுங்கள். ஓரம் மேலே சுருளும். கொஞ்ச நேரத்தில் ஈரம் மேல்பக்கத்துக்கும் ஏறியதும் தானாகவே விரிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் சமமானால் வளைவு இல்லை!

நினைவில் வைக்க:

1. முன்பக்கம் எத்தனை பூச்சோ, பின்பக்கமும் அத்தனை பூச்சு. சாயத்துக்கும் வார்னிஷுக்கும் இதே விதிதான். ஓரங்களையும் விடாதீர்கள்.
2. சாயத்தை ஊற்றாமல் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்க்கவும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது.
3. ஸ்பிரிட்டில் கரையும் சாயம் சீக்கிரம் உலரும். மரமும் குறைவாகவே உப்பும். ஆனால் ஸ்பிரிட் தீப்பிடிக்கும். பெரியவர்கள் துணையோடு, அடுப்புக்குத் தூரமாகச் செய்யவும்.
4. வெயில் வேண்டாம். நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வைக்கவும்.
5. நன்றாக உலர்ந்ததும் செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஒரு இரவு அடுக்கவும்.

வாங்கியதில் மிச்சமிருந்த சின்னத் துண்டில் இப்படியே செய்து, மறுபடி வரைந்தோம். படம் பாதி அளவுதான். ஆனால் காவிரி நேராக ஓடியது! வளைந்த பலகையையும் பக்கத்திலேயே வைத்தோம். வந்தவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: வெயிலில் காயும் அப்பளம் ஏன் ஓரம் தூக்குகிறது? விடை இந்தத் தாளிலேயே இருக்கு, தேடுங்க!

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர் குழு