பெரிய குழலில் சின்னச் சன்னம்: துவக்குப் பழகும் பிள்ளைகளுக்கு

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்து ஊருக்கு வரும் எங்கள் பிள்ளைகளில் சிலர் அங்கே முறைப்படி படித்து வேட்டை உரிமம் எடுத்தவர்கள். நான் ஒன்ராறியோவில் இருந்த காலத்தில் துவக்கோடு புழங்கியவன் என்று கேள்விப்பட்டு, கொடிகாமத்துக்கு வந்து விறாந்தையில் இருந்து கதைப்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்று: “பெரியப்பா, மான் சுடுகிற .30-06 துவக்கிலேயே சின்னச் சன்னத்தைப் போட்டுப் பயங்கர வேகத்தில் சுடலாமாமே?” சுடலாம். கனபேர் சுட்டும் இருக்கிறார்கள். ஆனால் அதில் கை வைக்க முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை உண்டு. இங்கே தோட்டம் காக்கத் துவக்குக்கு உரிமம் கேட்டு நிற்கும் தம்பிமாருக்கும் இதில் சிலது உதவும்.

1. முதலில் அது என்ன சாமான் என்று விளங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் றெமிங்ரன் கொம்பனி 1977இல் ‘அக்சிலறேற்றர்’ என்ற பெயரில் ஒரு ரவையைக் கொண்டுவந்தது. கோது வழமையான .30-06 கோதுதான். அதன் வாயில் இருக்க வேண்டிய .308 அங்குலச் சன்னத்துக்குப் பதிலாக .224 அங்குலச் சன்னம் இருக்கும். நிறை 55 கிறெயின், அதாவது மூன்றரைக் கிராம் சொச்சம். மிச்ச இடத்தை நிரப்புவது சன்னத்தைச் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் உறை. அதைத்தான் சபோ என்கிறார்கள். குழலின் புரியைப் பற்றிச் சுழல்வது உறை. அது தன்னோடு சன்னத்தையும் சுழற்றிக்கொண்டு போகும். குழல்வாயைத் தாண்டியதும் உறையின் இதழ்கள் விரிந்து, காற்று அதைப் பின்னுக்குத் தள்ள, சன்னம் தனியே பறக்கும். பிறகு .308, .30-30 ரவைகளிலும் இதே வேலையைச் செய்தார்கள்.

.30-06இல் கொம்பனி சொன்ன வேகம் விநாடிக்கு 4,080 அடி. பள்ளிக்கூடக் கடேற்றில் நாங்கள் தூக்கித் திரிந்த .303இன் 174 கிறெயின் சன்னம் விநாடிக்கு 2,440 அடிதான் போகும். அந்த எண்ணைப் பார்த்த எவருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. சூட்டுத் திடலில் முதல் வெடி வைத்த பிறகு, முன்னால் புல்லில் கிடந்த உறையை எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். இதழ்கள் வெளிப்பக்கமாக மடிந்து கிடந்தன. அடிப்பாகம் மருந்தின் வெக்கையில் கறுத்திருந்தது. பக்கங்களில் குழலின் புரி பதிந்த சாய்வான கோடுகள் அச்சடித்தது போல வடிவாய்த் தெரிந்தன. துவக்கின் முழுப் பலத்தையும் ஒரு துண்டுப் பிளாஸ்ரிக் தாங்கி நின்றிருக்கிறது என்பது கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

2. வேகத்தைக் குறியென்று எண்ணாதீர்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். நல்ல மான் துவக்கு ஒன்று, அதற்குப் பொருந்திய ரவையோடு, நூறு யார் தூரத்தில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்குள் கூட்டிச் சுடும். அதே துவக்கில் அக்சிலறேற்றரைப் போட்டால் இரண்டு, மூன்று அங்குலத்துக்குச் சிதறும் என்பது பலரின் அனுபவம், என் அனுபவமும் அதுவே. அபூர்வமாகச் சில துவக்குகளுக்கு அது நன்றாக ஒத்துப்போயிருக்கிறது. உங்கள் துவக்கு எந்த இனம் என்று சுட்டுப் பார்க்காமல் தெரியாது.

ஏன் சிதறுகிறது? சன்னம் குழலை நேரே தொடவில்லை. உறைக்குள் அது நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒரு மயிரளவு விலகினாலும் சுழற்சியில் தள்ளாடும். வெளியே வந்ததும் எல்லா இதழும் ஒரே நேரத்தில் விலக வேண்டும். ஒன்று பிந்தினாலும் சன்னத்தைத் தட்டிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. .30-06 குழலில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி ஓடும். அது பாரமான, நீளமான சன்னத்துக்கென வெட்டிய புரி. 4,080 அடி வேகத்தில் அதனூடாகப் போகும் சன்னம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,90,000 சுற்றுச் சுற்றும். இந்த அளவுச் சன்னத்துக்கென்றே உள்ள .22-250 துவக்கில் பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று. வேகம் 3,680 அடி. கணக்குப் பார்த்தால் 1,90,000 சுற்றுக்குக் கிட்ட வரும். சன்னத்தில் இருக்கும் சின்னக் குறைகூட அந்த மேலதிகச் சுற்றில் பெரிதாகிவிடும்.

வேட்டைக்காரர் இதைச் சுட நினைத்தது கிரவுண்ட்ஹொக், கொயோட்டி மாதிரிப் பிராணிகளை. மூன்று அங்குலம் சிதறும் துவக்கோடு இருநூறு யாரில் அவற்றைச் சுடப் போனால், குடலிலோ காலிலோ படும். காயத்தோடு வளைக்குள் ஓடிப்போய் நாட்கணக்கில் கிடந்து சாகும். ஒரு சீவனை அப்படிச் சாகவிட உங்களுக்கு உரிமை இல்லை.

அதன் நல்ல பக்கத்தையும் மறைக்கக் கூடாது. உதைப்பு நன்றாகக் குறைவு, தோள் நோகாது. ஒரு துவக்குக்கு மேல் வாங்க வசதியில்லாத கமக்காரனுக்கு, கோடையில் வயலைத் தோண்டும் பிராணிக்கும் மாரியில் மானுக்கும் ஒரே துவக்கு போதும் என்ற யோசனை நியாயமானதுதான்.

3. ரவை மாறினால் குறியும் மாறும். 150 கிறெயினுக்கு ஒழுங்குபடுத்திய துவக்கில் சபோ ரவையைப் போட்டால் சன்னம் வேறிடத்தில் படும். எவ்வளவு மேலே, எவ்வளவு பக்கவாட்டில் என்பது துவக்குக்குத் துவக்கு வேறு. கடதாசியில் சுட்டு, திரும்பக் குறி வைத்து, அதை எழுதி வையுங்கள். இரண்டு வகை ரவையையும் ஒரே பொக்கற்றில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்காதீர்கள். பழைய ரவைக்குத் திரும்ப முன்னர் குழலை வடிவாய்த் துப்புரவாக்குங்கள். பிளாஸ்ரிக் பூச்சுப் போலப் புரியில் படிந்திருக்கும். துணியால் ஒருமுறை இழுத்தால் மட்டும் போகாது.

4. குழல்வாயில் உதைப்புக் குறைக்கும் துண்டோ ஒலி அடக்கியோ பூட்டியிருந்தால் சபோ ரவையைக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். விரியும் இதழ் அதில் மோதும்.

5. இதை மானுக்குச் சுடாதீர்கள். கணக்கில் பார்த்தால் குழல்வாயில் 2,030 அடி-இறாத்தல் சக்தி இருக்கிறது, 150 கிறெயின் சன்னத்தின் 2,820க்கு அவ்வளவு குறைவில்லையே என்று கேட்பார்கள். அக்சிலறேற்றரின் மென்முனைச் சன்னம் அந்த வேகத்தில் தோலுக்குக் கீழேயே சிதறிவிடும். தோள் எலும்பைத் தாண்டி நெஞ்சுக்குள் போகாது.

6. சபோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பொருத்தமான இடங்கள் உண்டு. வாய்வழி மருந்து போடும் பழைய புரித்துவக்குகளில் ஈயக் குண்டைத் துணியால் சுற்றி இறக்கினார்கள். புரியைப் பற்றியது துணி, வெளியே வந்ததும் விழுந்தது. வன்னியில் இடியன் துவக்கில் மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவே தென்னந்தும்பை அடைத்தார்கள். அது வாயு கசியாமல் பிடிக்க மட்டும். இன்றைய 12 போர் தோட்டாவுக்குள் சன்னங்களை ஏந்தி நிற்கும் பிளாஸ்ரிக் கிண்ணமும் இந்தக் குடும்பம்தான். இன்று வரும் வாய்வழித் துவக்குகளில் .50 குழலுக்குள் கைத்துப்பாக்கிச் சன்னத்தைச் சபோவில் வைத்துச் சுடுவது நன்றாகவே வேலை செய்கிறது. அங்கே வேகம் குறைவு, சன்னம் பாரம், புரியும் அதற்கேற்ப வெட்டியது.

12 போரில் சபோ ஒற்றைக்குண்டு சுட விரும்பினால் புரி வெட்டிய குழல் வேண்டும். வழுக்குக் குழலில் அது சுழலாது. காசைக் கொட்டிக் குறியைக் கெடுப்பீர்கள். வழுக்குக் குழலுக்கு 1898இல் வந்த பிறெனக்கே குண்டோ 1931இல் வந்த போஸ்ரர் குண்டோ போதும்.

7. பெரிய குழலில் சின்னது போகுமே என்ற எண்ணம் ஆளையே கொல்லும் ஓர் இடம் இருக்கிறது. 20 போர் தோட்டா 12 போர் துவக்குக்குள் வழுகிப்போய், அறையைத் தாண்டிக் குழலுக்குள் இறுகிக்கொள்ளும். பின்னால் இருந்து பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டு வெடி வைத்தால் குழல் கைக்குள்ளேயே பிளக்கும். இதற்காகவே 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பழையவற்றில் அந்த நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் இரண்டு அளவுத் துவக்கு இருந்தால் தோட்டாக்களை வேறு வேறு அறையில் பூட்டி வையுங்கள்.

8. இனி ஊரில் இருக்கும் தம்பிமாருக்கு. எங்கள் குடாநாட்டில் மலையும் இல்லை, மேடும் இல்லை. தென்மராட்சியில் நின்று பன்றிக்குச் சுட்டால் பின்னால் இருப்பது வேலி, அதற்கப்பால் வீடு, அதற்கப்பால் பள்ளிக்கூடம். .22 சின்ன ரவையே ஒன்றரை மைல் தூரம் போகக்கூடியது; .30-06 மூன்று மைல் போகும். சன்னத்தைத் தடுக்கப் பனங்காணியை நம்பாதீர்கள். பயிர் காக்கச் சொட்கண் போதும். அதன் சன்னம் கெதியில் வேகம் இழந்து விழும். அதற்கும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டப்படி உரிமம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தண்ணீர்க் குழாயில் துவக்குச் செய்துதரும் ஆளைத் தேடிப் போகாதீர்கள். கட்டுத்துவக்கு வைக்கவே வைக்காதீர்கள். பன்றிக்குக் கட்டியது விறகு பொறுக்கப் போன ஆளின் முழங்காலைத் துளைக்கும். அந்த ஆள் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரராகவே இருப்பார்.

சுண்டிக்குளம் பக்கம் துவக்கோடு போகும் எண்ணமே வேண்டாம். 1938இலிருந்து அது பறவைகள் சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா.

9. கனடாப் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. றெமிங்ரன் அக்சிலறேற்றர் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகள்தான் கைமாறுகின்றன, அதுவும் ஆனை விலைக்கு. வாங்கினால் ஒவ்வொரு ரவையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உறை வெடித்திருந்தாலோ, சன்னம் விரலுக்கு ஆடினாலோ, கோதில் பச்சை பிடித்திருந்தாலோ அதைச் சுடாமல் ஒதுக்கி, திடல் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். உறையை மட்டும் வாங்கி வீட்டில் அடைத்துப் பார்க்கிற வேலை, ரவை நிரப்பிப் பல வருடம் பழகியவர்களுடையது. அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்து வையுங்கள். கொஞ்சக் காலத்தில் பாவித்த .223 துவக்கு ஒன்று வாங்கலாம். அதற்குரிய ரவை எந்தக் கடையிலும் கிடைக்கும், நூறு யாரில் சொன்ன இடத்தில் படும்.