தங்க வயல் மண்ணும் பயிரும்

கோலார் தங்க வயல் என்றதும் நாம் பொன்னையே நினைக்கிறோம். நான் இங்குக் கூற வருவது அதன் மேல்மண்ணைப் பற்றியாகும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மட்டும் குன்றுகளென நிற்கின்றன. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். பாறையிலிருந்து வந்த ஆர்சனிக்கோ சிதையாது. காற்றெழும் காலத்தில் அத்தூள் வீட்டுத் தோட்டங்களிலும் படிகிறது.

ஆகவே மேட்டருகே பயிரிடுவோர் முதலில் மண்ணைச் சோதித்தல் வேண்டும். எவ்வாறு? வரப்பு, எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை நீக்கி, பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்புக. கோலார் டமகாவிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம். வழக்கமான சோதனையில் ஆர்சனிக் சேராது. தனியே கேட்க வேண்டும்.

முடிவு தெரியும்வரை கீரையும் முள்ளங்கியும் வேண்டா. இலையும் வேரும் ஏற்கும் அளவுக்குக் காய் நஞ்சை ஏற்பதில்லை. கத்தரி, அவரை நலம். காய்களை நன்கு கழுவுக. சுண்ணாம்பைக் கண்மூடித்தனமாக இடலாகாது. காரம் மிகுந்தால் ஆர்சனிக் எளிதில் நீரில் கரையும். வேலியோரம் அடர்ந்த மரவரிசை தூளைத் தடுக்கும்.

தொலைவிலுள்ள செம்மண் கேழ்வரகுக் கொல்லைகளின் குறை வேறு: ஈரம் நில்லாமை. சரிவுக்குக் குறுக்கே உழுது, தொழுவுரமும் ஏரி வண்டலும் இடுக. ஆயின் மேட்டு நீர் வடியும் ஏரியின் வண்டல் ஆகாது.

வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழர் வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அவ்வூர் நண்பர்களே, விடுமுறையில் இதனை வீட்டாருக்குச் சொல்லுங்கள். கையோடு ஒரு பை மண்ணும் எடுங்கள்.