பேசிக்கைப் பாருங்கள், போனஸ் அப்புறம்

அமீரகத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரோடு என்னைப் பார்க்க வரும் பிள்ளைகள் முதலில் காட்டுவது 'பெர்ஃபார்மன்ஸ் போனஸ்' என்ற வரியைத்தான். என் கண் போவது அதற்கு மேலே உள்ள வரிகளுக்கு. அங்கே நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. மொத்தச் சம்பளத்தைக் கேட்டு மயங்காதீர்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று கேளுங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிக்கு அதுதான் அடிப்படை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். வீட்டு வாடகைப் படியும் போனஸும் இந்தக் கணக்கில் வராது. இரண்டு பேருக்கு மாதம் 5,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு பேசிக் 3,000, இன்னொருவருக்கு 2,000. ஐந்து வருடம் கழித்து முன்னவர் கையில் 10,500 திர்ஹாம் இருக்கும், பின்னவர் கையில் 7,000. இருவரும் எடுத்தது அதே பீரியடுகள், திருத்தியது அதே நோட்டுகள். பேசிக்கைக் குறைத்து போனஸைப் பெரிதாகக் காட்டும் பள்ளிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

2. உங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி இந்திய அரசிடம் பதிவு பெற்றதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு வாங்கக் கூடாது. அமீரகச் சட்டமோ, ஆள் எடுக்கும் செலவை ஊழியர் தலையில் கட்டவே கூடாது என்கிறது.

3. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபு, ஆங்கிலத்தோடு ஊழியருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வழி உண்டு. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கிலம் நமக்கு வராதா என்று நினைக்காமல் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் வாசிக்கட்டும். பணக் கணக்கில் பெரியவர்களின் கண் கூர்மையானது.

4. போனஸ் தருகிறோம் என்றால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எதை வைத்து அளப்பீர்கள்? யார் அளப்பார்? எந்த மாதம் வரும்? வருட நடுவில் கிளம்பினால் உண்டா? பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தத் தொகையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதை நம்பி ஊரில் கடன் வாங்கவே வாங்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஆங்கில ஆசிரியரை அளப்பது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. 'ஏ' செக்‌ஷனில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். 'எஃப்' செக்‌ஷனில் போன மாதம் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பையன், பதில் தெரிந்தும் வாய் திறக்கப் பயந்து உட்கார்ந்திருப்பான். அவனை ஒரு வாக்கியம் பேச வைக்கப் படும் பாட்டுக்கு எந்த போனஸ் பட்டியலிலும் இடம் கிடையாது. எந்த செக்‌ஷன் யாருக்கு என்று முடிவு செய்பவரே போனஸையும் முடிவு செய்கிறார் என்றால், அதற்குத் திறமைக்கான பரிசு என்று பெயர் வைக்க முடியாது.

5. ஆகவே பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள். ஜூன் வரை காத்திருக்காதீர்கள், அது அங்கே கோடை விடுமுறையைத் தொட்டுவிடும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலில்தான் புது வகுப்பு. அந்த முதல் வாரமே 'என் வீடு' என்று பத்து வரி எழுதச் சொல்லி, தேதி போட்டு, தாள்களை ஃபைலில் வையுங்கள். பிப்ரவரியில் அதே தலைப்பைத் திரும்பக் கொடுங்கள். நான் பார்த்த ஒரு ஆறாம் வகுப்புச் சிறுமி ஏப்ரலில் மூன்று வரியோடு நிறுத்தி, வினைச்சொல்லே இல்லாமல் எழுதியிருந்தாள். பிப்ரவரியில் தாளின் பின்பக்கமும் நிறைந்திருந்தது, பாட்டியின் அடுப்பங்கரை வரைக்கும். "முன்னேற்றம் தெரியவில்லை" என்ற கோஆர்டினேட்டரிடம் அவளுடைய டீச்சர் இரண்டு தாள்களையும் வைத்தார். பேச்சு அதோடு மாறியது.

6. பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்ற பெயரில் நடக்கும் இந்தப் பாகுபாட்டை ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான டீசாலே 2006-இல் எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். துபாய்ப் பள்ளிகளின் கட்டணத்தை அங்கத்திய கல்வி ஆணையம் வெளியிடுகிறது. ஒரு பிள்ளையின் கட்டணத்தை வகுப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.

7. சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். கெடு தேதிக்கு மேல் 15 நாள் தாண்டினால் பள்ளி சட்டத்தை மீறியதாகிவிடும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்ற பேச்சை ஒருமுறைக்கு மேல் ஏற்காதீர்கள். அமைச்சகத்தின் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றின் நகலையும் பள்ளிக் கம்ப்யூட்டரில் வைக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள்.