எஞ்சினிடம் பொய் சொல்லலாமா?

நம் சங்கத்து அன்பர்களில் சிலர் இப்போது கார் வைத்திருக்கிறார்கள். புதிய கார் அன்று. மூன்று கை மாறி வந்த சின்னக் கார். மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஊரிலிருந்து தில்லிக்குச் சிகிச்சைக்காக வருவோரை இரயில் நிலையத்தில் எதிர்கொண்டு மருத்துவமனையில் சேர்ப்பதற்கும், பொங்கல் விழாவுக்குப் பாத்திரம் ஏற்றி வருவதற்கும் அவையே நமக்குத் துணை. ஐந்து பேர் ஏறிவிட்டால் மேம்பாலத்தில் மூச்சு வாங்கும். ஆகவே, "இன்னும் கொஞ்சம் வலு கிடைத்தால் நன்றாயிருக்குமே" என்ற ஆசை பிறப்பது இயல்பே.

அந்த ஆசையை நம்பிச் சில கடைகளில் ஒரு சிறு பொருள் விற்கிறார்கள். இரண்டு கம்பி, நடுவே கறுப்பு உறை. எஞ்சினின் சென்சாரில் அதைச் சொருகிவிட்டால் வேகமும் கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறார்கள். ஆராய்ச்சி மாணவரான அண்ணன் ஒருவர் அதை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன். இது வேலை செய்யுமா, சொல்" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எஞ்சின் எப்படி அளக்கிறது?

முதலில் ஒரு சிறு கணக்கு. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சிலிண்டரைக் காற்றால் நிரப்பிக்கொள்ளும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் 1,500 முறை நிரம்பும். ஒவ்வொரு முறையும் முழுவதும் நிரம்புவதாக வைத்துக்கொண்டால், 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,194 லிட்டர் காற்றை உட்கொள்ளும். 30 டிகிரி உஷ்ணத்தில் அதன் எடை ஏறத்தாழ 1,390 கிராம். ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே தேவையான பெட்ரோல் நிமிடத்துக்குச் சுமார் 95 கிராம்.

பழைய வண்டிகளில் இந்த அளவைக் கார்புரேட்டர் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டது. இப்போது மின்னணுக் கணிப்பான் ஒன்று ஒவ்வொரு வீச்சுக்கும் கணக்கிடுகிறது. ஆனால் அது பெட்டிக்குள் அடைபட்டது. கண்ணும் இல்லை, காதும் இல்லை. வெளியே நடப்பதை அதற்குச் சொல்பவை உணர்கருவிகள். மெக்கானிக்குகள் இவற்றையே சென்சார் என்பார்கள். உட்குழாயில் காற்றின் அழுத்தம் எவ்வளவு, அதன் உஷ்ணம் என்ன, குளிர்நீரின் உஷ்ணம் என்ன, மிதிகட்டை எவ்வளவு அழுந்தியிருக்கிறது, அச்சு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பவற்றை அவை ஓயாமல் தெரிவிக்கின்றன. அரசனுக்கு ஒற்றர் எப்படியோ, கணிப்பானுக்கு இவை அப்படி.

பொய் எங்கே நுழைகிறது?

காற்றின் உஷ்ணத்தை அளப்பது ஒரு சிறு மணி. குளிர்ந்தால் அதன் மின்தடை கூடும், சூடானால் குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 0 டிகிரியில் 5,000 முதல் 6,500 ஓம் வரை இருக்கும். ஓர் உணர்கருவியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, மீட்டரை இணைத்துப் பார்த்தேன். முள் அந்த அளவுக்குள்தான் நின்றது.

இனிக் கடைப் பொருளைப் பார்ப்போம். அண்ணன் கொணர்ந்ததன் உறையைப் பிரித்தோம். உள்ளே இருந்தது ஒரே ஒரு மின்தடை. சந்தையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைப்பது. அதைச் சொருகினால் வெளியே வெயில் கொளுத்தும்போதும், "காற்று 0 டிகிரியில் இருக்கிறது" என்ற செய்தியே கணிப்பானுக்குப் போகும்.

குளிர்ந்த காற்று கனமானது. ஒரே கன அளவில் பிராண வாயு அதிகம். ஆகவே கணிப்பான் பெட்ரோலைக் கூட்டும். கணக்கை எளிமையாக வைத்துக்கொண்டால், 30 டிகிரி என்பது 303 கெல்வின்; 0 டிகிரி என்பது 273 கெல்வின். 303-ஐ 273-ஆல் வகுத்தால் 1.11. அதாவது நூற்றுக்குப் பதினொரு பங்கு பெட்ரோல் அதிகம். ஆனால் உள்ளே வந்த காற்று பழைய காற்றேதான். கூடியது பெட்ரோல் மட்டும். கூடுதல் பெட்ரோலை எரிக்கக் கூடுதல் பிராண வாயு எங்கிருந்து வரும்?

இரண்டாவது ஒற்றன்

ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் கூறும் நெறி. எஞ்சினை வகுத்தவர்களும் அந்நெறியையே கையாண்டிருக்கிறார்கள். புகைக்குழாயில் வேறோர் ஒற்றன் அமர்ந்திருக்கிறான். அவனே பிராண வாயு உணர்கருவி.

நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1889-இல் ஒரு சமன்பாட்டைத் தந்தார். 1920-ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இட்ரியா கலந்த ஸிர்கோனியா என்ற பீங்கானைச் சூடாக்கினால், பிராண வாயுவின் அயனிகள் அதனூடே நடமாடும். அதன் ஒரு புறம் வெளிக் காற்றும் மறு புறம் புகையும் இருந்தால், இரு புறத்துப் பிராண வாயுவின் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். 700 டிகிரியில், ஒவ்வொரு பத்து மடங்கு வேறுபாட்டுக்கும் 0.048 வோல்ட் கிடைக்கும் என்பது சமன்பாட்டின் விடை. புகையில் நூற்றுக்கு ஒரு பங்கு பிராண வாயு மிஞ்சியிருந்தால் 0.06 வோல்ட்தான். பெட்ரோல் சிறிது கூடிப் பிராண வாயு தீர்ந்துபோனாலோ, ஏறத்தாழ 0.9 வோல்ட்டுக்கு ஒரே தாவலாகத் தாவும். 14.7 என்ற எல்லையைக் கடந்த கணமே இந்தத் தாவல் நிகழ்வதால், எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது கணிப்பானுக்குத் தெளிவாகிவிடும். பாஷ் நிறுவனம் செய்த இக்கருவி 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது.

இப்போது பொய்யின் கதி என்ன? முதல் ஒற்றன் "குளிர்" என்கிறான், பெட்ரோல் கூடுகிறது. இரண்டாம் ஒற்றன் "பிராண வாயு தீர்ந்துவிட்டது, பெட்ரோல் அதிகம்" என்கிறான். கணிப்பான் உடனே பெட்ரோலைக் குறைக்கிறது. அண்ணன் காரில் மின்தடையைச் சற்று நேரம் பொருத்தி, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்கேனரில் பார்த்தோம். காற்றின் உஷ்ணம் 0 டிகிரி என்று காட்டிற்று. எங்கள் நெற்றியில் வியர்வை. சில நிமிடங்களில் பெட்ரோல் திருத்தம் என்ற எண் கழித்தல் பக்கம் இறங்கி அங்கேயே நின்றது. சாதாரண ஓட்டத்தில் இலாபம் ஒன்றுமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. கணிப்பான் இந்தத் திருத்தத்தை நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு மின்தடையைக் கழற்றினால், மீண்டும் கற்றுக்கொள்ளும் வரை பெட்ரோல் போதாமல் எஞ்சின் தடுமாறும்.

மிதிகட்டையை முழுதும் அழுத்தினால்?

"அப்படியானால் வேகமாகப் போகிறது என்று சிலர் சத்தியம் செய்கிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். மிதிகட்டையை முழுதும் அழுத்தும்போது, பல வண்டிகளில் கணிப்பான் புகைக்குழாய் ஒற்றனைக் கலந்துகொள்வதில்லை. தன் அட்டவணைப்படி நடக்கும். அப்போது பொய் செல்லுபடியாகும். ஆனால் மிகுந்த வலுவுக்குரிய கலவை 12.5 முதல் 13 வரை என்பதை வகுத்தவர்கள் அறிவார்கள். அட்டவணையிலேயே அப்படித்தான் எழுதியிருப்பார்கள். 13-ஐ 1.11-ஆல் வகுத்தால் 11.7. வலுவுக்குரிய இடத்தைத் தாண்டிவிட்டோம்! எரியாத பெட்ரோலும் கார்பன் மானாக்ஸைடுமே மிச்சம்.

குளிர்ந்த காற்று என்று நம்பும் கணிப்பான் தீப்பொறியையும் முன்னதாகவே விடக்கூடும். மே மாத வெயிலில் உண்மையில் 45 டிகிரிக் காற்று உள்ளே வரும்போது இது ஆபத்து. கலவை தானே வெடித்துத் தட்டொலி எழும். அது பிஸ்டனைத் தின்னும். தட்டொலியைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்தள்ளும் உணர்கருவி சில வண்டிகளில் உண்டு. அதையும் கழற்றிவிடச் சொல்லும் அறிவாளிகளும் உண்டு! அவர்கள் சொல் கேட்பது காவற்காரனின் காதை அடைத்துவிட்டுத் தூங்கப் போவதற்கு ஒப்பாகும்.

இதன் தீமை காரோடு நிற்பதில்லை. புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய சுத்திகரிப்பான் இருக்கிறது. கார்பன் மானாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே மாற்றுவது 14.7-ஐ ஒட்டிய குறுகிய இடைவெளியில்தான். அந்த இடைவெளியைக் குலைத்துவிட்டால் நஞ்சு தெருவுக்கு வருகிறது. தில்லியின் குளிர்காலக் காற்றை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம். மருத்துவமனை வாசலில் நாம் இறக்கிவிடும் நோயாளியும் அதையே சுவாசிக்கிறார்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபின், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

உணர்கருவியை மாற்றவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பந்தயக் களத்துக்காக ஒருவர் எஞ்சினில் டர்போ பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் வெளிக் காற்றினும் மிகும். பழைய அழுத்த உணர்கருவி அதை அளக்க மாட்டாது. பெரிய அளவை அளக்கும் கருவி வேண்டும். கணிப்பானின் அட்டவணையையும் புதிதாக எழுத வேண்டும். கலவையின் அளவை எண்ணாகவே காட்டும் விரிநிலைப் பிராண வாயுக் கருவியை வைத்து, உருளை மேடையில் ஓட்டிப் பார்த்து, படிப்படியாகத் திருத்துவார்கள். அங்கே முதலில் காற்று கூடுகிறது. பிறகு அதை உள்ளபடி அளக்கக் கருவி மாறுகிறது. கடைக்காரரின் மின்தடையிலோ காற்று கூடவில்லை. அளவு மட்டும் பொய்யாகிறது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நமக்கு அந்தச் செலவு கட்டாது. ஆனால் செய்யத் தக்கவை சில உண்டு. அண்ணன் காரில் காற்று வடிகட்டி தூசியால் அடைந்திருந்தது. பிராண வாயு உணர்கருவி கிழடாகி, விரைந்து தாவ வேண்டிய மின்னழுத்தம் சோம்பலாக ஏறி இறங்கிற்று. டயர் இரண்டில் காற்றுக் குறைவு. வடிகட்டியையும் உணர்கருவியையும் மாற்றி, டயருக்குக் காற்றடித்தோம். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவரையும் அவர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு அதே மேம்பாலத்தை ஏறினோம். கார் பறக்கவில்லை. ஆனால் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கவில்லை. கிடைத்தது புதிய வலு அன்று. வண்டி இழந்திருந்த பழைய வலு.

கார் வைத்திருக்கும் அன்பர்கள் ஏதேனும் கருவியை வாங்கக் கருதினால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதனால் உள்ளே போகும் காற்று கூடுகிறதா? எஞ்சினுக்குப் போகும் செய்தி முன்னினும் உண்மையாகிறதா? இரண்டுக்கும் விடை "இல்லை" என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் விடுதியில் வந்து என்னைப் பாருங்கள். மீட்டரையும் பனிக்கட்டி நீரையும் நான் எடுத்து வைக்கிறேன்.