பழைய வால்வு வானொலி

தாத்தா காலத்து வால்வு வானொலி வீட்டில் கிடந்தால், உடனே மின்சாரத்தில் இணைத்தல் கூடாது. பல்லாண்டு உறங்கிய பெட்டியில் கண்டன்சர்கள் பழுதுற்றிருக்கும். தொழிலறிந்தோர் முதலில் அவற்றையே மாற்றுவர்.

அமெரிக்கச் சிறு வானொலிகள் பலவற்றில் ஐந்து வால்வுகள் உண்டு. 12 வோல்ட் இழையுடையவை மூன்று, 35 வோல்ட் ஒன்று, 50 வோல்ட் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 121! அந்நாட்டு மின்சாரமும் ஏறத்தாழ 120 வோல்ட்டே. ஆகவே இழைகளைச் சரம்போல் கோத்து, மின்மாற்றியின் செலவைத் தவிர்த்தனர். சிக்கனந்தான்; ஆயினும் உள்ளிருக்கும் உலோகத் தட்டிலேயே மின்சாரம் ஏறி நிற்கக்கூடும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. பெற்றோர் இதனைப் பிள்ளைகள் கையில் விடலாகாது. நம் நாட்டு மின்சாரமோ ஏறக்குறைய இருமடங்கு. நேரே இணைத்தால் வால்வுகள் கருகும்.

செப்பனிட்ட பெட்டியை, மெருகைப் பார்த்தன்றிக் காதால் கேட்டே நாம் மதிப்பிடுவோம். "உம்" என்னும் இரைச்சல் மிகுந்தால் வடிகட்டும் கண்டன்சரைச் சோதித்தல் வேண்டும். ஒலிக்குமிழைத் திருப்புகையில் கரகரத்தால் பெரும்பாலும் தூசியே காரணம்.