அரிசி டப்பாவில் போனைப் புதைக்காதீர்கள்

மழைக்காலம் வந்தால் நனைந்து என் பழுதுபார்க்கும் மேஜைக்கு வரும் போன்களின் சார்ஜிங் துளையில் அரிசித் தூசி அடைந்திருக்கும். "ரெண்டு நாள் அரிசிக்குள்ள வெச்சிருந்தோம் சார், அப்பவும் ஆன் ஆகல" என்பார்கள். புழுங்கலா பச்சரிசியா, எது நல்லது என்றுகூடக் கேட்கிறார்கள். இரண்டும் ஆகாது. அந்த இரண்டு நாள் தாமதம்தான் பல போன்களைக் கொல்கிறது.

அரிசி ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். கடையில் வாங்கும் அரிசியிலேயே 12 முதல் 14 சதவீதம் ஈரப்பதம் இருக்கும். அது இன்னும் எவ்வளவு இழுக்கும்? போனுக்குள் போன தண்ணீர் அரிசியைத் தொடுவதே இல்லை. சிப்புகளுக்கு அடியிலும், அவற்றை மூடிய உலோகத் தகடுகளுக்குள்ளும் மயிரிழை இடைவெளிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளியே ஒரு மூட்டையைக் கொட்டினாலும் அதற்குத் தெரியாது. எனக்குப் பிழைத்ததே என்பவர்களுக்குச் சொல்கிறேன்: மேஜைமேல் சும்மா கிடந்திருந்தாலும் அந்தப் போன் பிழைத்திருக்கும். அரிசிப் பையில் வைக்காதீர்கள், துகள்கள் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனத்தின் உதவிக் குறிப்பே சொல்கிறது.

கொல்வது வெறும் ஈரம் அல்ல. குழாய்த் தண்ணீரிலும் தெருவில் தேங்கிய மழைநீரிலும் உப்புகள் உண்டு. பேட்டரி உள்ளேயே இருப்பதால், போனை ஆஃப் செய்தாலும் சர்க்யூட் போர்டின் சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் செம்பு அரிக்கத் தொடங்கும். தண்ணீர் காய்ந்தபின் உப்பு போர்டிலேயே தங்கிவிடும். காற்றின் ஈரம் பட்டாலே அரிப்பு தொடரும். திறந்து பார்த்தால் பச்சை பூத்திருக்கும். ஆகவே காயவைத்தால் போதாது, கழுவ வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, தகடுகளை நீக்கி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் கொண்டு தேய்க்க வேண்டும். தண்ணீரில் விழுந்த அன்றே கொண்டுவந்தால் இதற்குப் பலன் உண்டு.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். உடனே ஆஃப் செய்யுங்கள். சார்ஜ் போடாதீர்கள். ஆன் ஆகிறதா என்று சோதித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்! சிம் தட்டைக் கழற்றி, துளை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். கடை மூடியிருந்தால் திறக்கும்வரை மின்விசிறிக்கு எதிரே வையுங்கள்.

ஹேர் டிரையர் வேண்டாம். சூடு பேட்டரிக்கும் பசைக்கும் ஆகாது. பஞ்சுக் குச்சி ஈரத்தை உள்ளே தள்ளும். தண்ணீரை வெளியேற்றும் ஒலி என்று சுற்றும் வீடியோக்கள் ஸ்பீக்கரில் நிற்கும் துளிகளைத்தான் அசைக்கும், போர்டை எட்டாது. ஐபி68 என்ற நீர்காப்பு எண் புதிய போனை நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்துத் தந்தது. கடல் நீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது பொருந்தாது. ஒருமுறை கீழே விழுந்து நெளிந்த போனில் அதை நம்பவே கூடாது.

முன்பெல்லாம் பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைக் கையிலெடுத்துவிடலாம். மின்சாரம் அந்த நொடியே அறுந்துவிடும். இன்று பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்கள். பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி கருவிகள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. சில விலக்குகளோடு 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் திறந்தார்கள். இணையதளம் போதாது. உதிரிபாகமும் சர்க்யூட் வரைபடமும் தெருமுனைக் கடைக்காரருக்கும் நியாயமான விலையில் கிடைக்கச் சட்டம் வேண்டும்.